பியானோவின் இடக்கையைக் கேட்போம்

திரைப்பாடல் ஒன்றை யாராவது பியானோவில் வாசித்தால், நம்மில் பலர் கவனிப்பது மெட்டு பிசகாமல் வருகிறதா என்பதை மட்டும்தான். பல்லவி அடையாளம் தெரிந்ததும் தலையசைக்கிறோம். விரல்கள் விரைந்து ஓடினால் கைதட்டுகிறோம். பாட்டைக் கேட்டது போலவே இருந்தது என்று மனதாரச் சொல்கிறோம். அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் வாசித்தவர் செய்த வேலையில் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றுவிடுகிறது. வலக்கை மெட்டை எடுத்துச் செல்லும்போது இடக்கை அடியில் எந்தச் சுரத்தை வைக்கிறது, இரண்டுக்கும் நடுவே எந்தச் சுரங்கள் சேர்கின்றன, வயலின் கூட்டம் ஒன்று வாசித்த இடையிசைக்குப் பத்து விரல்கள் என்ன பதில் தருகின்றன, எந்த இடத்தில் துணை எல்லாம் அடங்கி மெட்டு தனியே ஒலிக்கிறது என்பதெல்லாம் வாசிப்பவர் யோசித்து எடுத்த முடிவுகள். ஹார்மனியும் இசைக்கோர்ப்பும் இந்த முடிவுகளில்தான் இருக்கின்றன. தமிழ்த் திரைப்பாடலின் பியானோ வடிவத்தை, பாட்டுக்கு ஒருவர் எழுதிய உரையாக நாம் கேட்கப் பழக வேண்டும். அப்படிக் கேட்டால்தான் மூலப் பாட்டை எழுதிய இசையமைப்பாளரின் சிந்தனையும் நமக்கு முழுமையாகப் பிடிபடும். ஈப்போ வட்டாரத் தமிழர்களான நமக்கு இதில் மற்றவர்களைவிட வசதி அதிகம். நாம் இன்னும் அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

செமோர், சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில், லயத்து வீடுகளுக்குத் திரைப்பாடலைக் கொண்டுவந்தது வானொலி. கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் அதே பாட்டுகளை உள்ளூர் இசைக் குழுக்கள் வாசித்தன. தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிய பிறகும் அந்தப் பாட்டுகள் நம்மோடு வந்தன. இன்றும் மின்னல் பண்பலையிலும் ராகாவிலும் அவை நாள் தவறாமல் ஒலிக்கின்றன. இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் நடந்தது. நம் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்குப் போய்ப் பியானோ கற்கிறார்கள். 1889இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் நிலைத் தேர்வுகளையும் டிரினிட்டி தேர்வுகளையும் எழுதுகிறார்கள். ஏபிஆர்எஸ்எம் முறையில் ஆறாம் நிலை வாசிப்புத் தேர்வுக்குப் போகுமுன் ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டில் தேற வேண்டும். ஆகவே பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்குச் சுரங்கள் கூடி எப்படி ஒலிக்கின்றன, ஒரு வாக்கியம் இசையில் எப்படி முடிகிறது என்பது பாடமாகவே தெரிந்திருக்கும். அதே பிள்ளை காரில் போகும்போது இளையராஜாவையும் ஏ.ஆர். ரஹ்மானையும் கேட்கிறது. ஒரே வீட்டில் வாழும் இந்த இரண்டு அறிவும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பாடப்புத்தகத்தில் படித்தது பாக் எழுதியதில் மட்டுமே இருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது. திரைப்பாட்டில் மெட்டும் வரிகளும் மட்டுமே இருக்கின்றன என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

இந்தப் பிரிவினை ஏன் தவறு என்பதற்கு வரலாறே சான்று. நம் செவ்வியல் இசை மேற்கிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டது, ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. முத்துசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பிய பேண்டு வாத்தியக் குழுக்களின் மெட்டுகள் நோட்டுஸ்வர சாகித்யங்களாயின; பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுக்கும் அவர் சாகித்யம் செய்தார். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். மெட்டு வந்தது, வாத்தியம் வந்தது. பல சுரங்களை ஒரே நேரத்தில் கூட்டி ஒலிக்கச் செய்யும் ஹார்மனி மட்டும் வரவில்லை. தேவாலயப் பாடகர் குழுக்களை விட்டால், ஹார்மனி தமிழ்க் காதுகளுக்குப் பெருமளவில் வந்து சேர்ந்த வழி திரைப்பாடல்தான். விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965 வரை சேர்ந்து இசையமைத்த பாடல்களில் கிட்டாரும் அக்கார்டியனும் வயலின் கூட்டமும் மெட்டுக்கு அடியில் சுரக்கூட்டுகளை அடுக்கின. 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் இலக்கணத்தை முறையாகப் படித்தவர். டிரினிட்டியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர்தான். ஆக, தமிழர்கள் ஹார்மனியைக் கற்ற மிகப் பெரிய பள்ளிக்கூடம் சினிமா. அங்கே பல பத்தாண்டுகளாகப் பாடம் கேட்டுவிட்டோம். கேட்டதைப் பற்றிப் பேசும் வழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை.

இளையராஜாவின் வேலைமுறை இங்கே முக்கியமான சான்று. ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசிக்க வேண்டும் என்பதை அவர் தம் கையாலேயே இசைக்குறியீட்டில் எழுதிக் கொடுப்பார்; வயலின், புல்லாங்குழல், பாஸ் கிட்டார் என்று எல்லோரும் தாளைப் பார்த்து வாசிப்பார்கள். அப்படியானால் 'பனிவிழும் மலர்வனம்' பாட்டில் பாஸ் கிட்டார் வாசிப்பதும் அதன் ஆசிரியர் எழுதியதே. மெட்டை மட்டும் அவருடைய படைப்பாகக் கொண்டு, மீதியைப் பின்னணி என்று ஒதுக்கினால், எழுதியதில் பாதியைப் படிக்காமல் விடுகிறோம். 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். பாக்கின் ஒரு வயலின் இசையை எடுத்து அதனோடு உரையாடும் பகுதி அதில் உண்டு. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியபோது உலகத் தமிழர்கள் பெருமைப்பட்டார்கள், சரிதான். ஆனால் அந்தச் சிம்பொனிக்கான பயிற்சி நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக நம் வானொலியில் மூன்று, நான்கு நிமிடப் பாட்டுகளாக ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைத் தனியே பிரித்துக் காட்ட நல்ல வழி, வாத்தியங்களின் நிறங்களையும் பாடகரின் குரலையும் நீக்கிவிட்டு, கட்டமைப்பை மட்டும் ஒரே வாத்தியத்தில் கேட்பது. பியானோ வடிவம் அதைத்தான் செய்கிறது.

ஹார்மனி என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு சுரத்தை வைத்தே விளக்கலாம். பாடகர் பஞ்சமத்தில் நிற்கிறார் என்று கொள்வோம். சங்கராபரணத்தின் சுரங்களுக்குள்ளேயே, அந்தப் பஞ்சமத்துக்கு அடியில் ச-க-ப என்ற கூட்டை வைக்கலாம். அப்போது பாட்டு வீட்டில் இருக்கிறது. க-ப-நி என்ற கூட்டை வைத்தால் அதே பஞ்சமத்தில் ஒரு சோகம் ஏறுகிறது. ப-நி-ரி என்று வைத்தால், இன்னும் சொல்ல ஏதோ இருக்கிறது, வாக்கியம் முடியவில்லை என்ற எதிர்பார்ப்பு வருகிறது. பாடகர் ஒன்றையும் மாற்றவில்லை. கேட்பவர் மனதில் மூன்று வேறு உணர்வுகள். இசைக் குழுக்காரர்கள் கார்ட்ஸ் என்று சொல்லும் இந்தச் சுரக்கூட்டுகள் பாட்டின் பொருளையே மாற்றும் ஆற்றல் உள்ளவை. நம் பழைய இசை மரபும் சுரங்களைத் தனித்தனியாக மட்டும் பார்க்கவில்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழுக்கும் நடுவே இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு வகுத்தது. அந்த உறவுகள் யாழுக்கும் பண்ணுக்கும் உரியவை. அவற்றை இன்றைய சுரக்கூட்டுகளோடு ஒன்றாக்கிவிட முடியாது. ஆனாலும் ஒரு சுரத்தின் குணம் அதன் அருகில் நிற்கும் சுரத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்ற எண்ணம் தமிழுக்குப் புதியதல்ல.

ராகம் சார்ந்த பாடல்களில் இந்த முடிவுகள் இன்னும் நுட்பமானவை. மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் இல்லை. அந்த ராகத்தின் ஐந்து சுரங்களுக்குள் நின்றால் ச-க-ப, த-ச-க என்ற இரண்டு முழுக் கூட்டுகள்தான் கிடைக்கும். மேற்கத்திய முறையில் பாட்டை நகர்த்தும் ம-த-ச, ப-நி-ரி ஆகிய இரண்டுக்கும் ராகத்தில் இல்லாத சுரங்கள் வேண்டும். 'ஆறிலிருந்து அறுபது வரை' படத்தில் வரும் 'கண்மணியே காதல் என்பது' மோகனத்தில் அமைந்த 1979ஆம் ஆண்டுப் பாடல். அதைப் பியானோவில் வாசிப்பவருக்கு முன்னால் உடனே ஒரு கேள்வி வருகிறது. அயல் சுரத்தை அடியில் சேர்த்தால் பாட்டு நகரும், ராகத்தின் நிறம் கலங்கும். சேர்க்காமல் விட்டால் ராகம் காப்பாற்றப்படும், இடக்கை ஒரே இடத்தில் நின்றுவிடும். அயல் சுரத்தை மெட்டு ஓய்ந்த இடத்தில் மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பலாம். பாஸ் சுரத்தை மட்டும் மாற்றி, மேலே இருக்கும் கூட்டை அப்படியே வைக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அது ராகத்தைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் அவர் சொல்லும் கருத்து. கேட்பவர் இதைக் கவனித்தால் வாசிப்பவரோடு உடன்படலாம், மறுக்கலாம். கவனிக்காவிட்டால் பாட்டு மாதிரியே இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இசைக்கோர்ப்பின் சிரமம் இதோடு முடிவதில்லை. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' கிட்டாரில் தொடங்குகிறது, ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டார் இல்லாமல் பாட்டை நினைத்துப் பார்க்க முடியாது. கிட்டாரின் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படும்போது முந்தைய சுரம் அடங்காமல் அடுத்ததோடு கலந்து ஒலிக்கிறது. பியானோவில் அதே சுரங்களை அதே வரிசையில் வாசித்தால் விரல் பயிற்சி போல ஒலிக்கும். எனவே எந்தச் சுரத்தை நீட்ட வேண்டும், பெடலை எப்போது மிதித்து எப்போது விட வேண்டும், அந்த ஓட்டத்துக்கு நடுவே மெட்டு மூழ்காமல் எப்படி மேலே தெரிய வேண்டும் என்று வாசிப்பவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 'தளபதி' படத்தின் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி'யில் போர்க்களக் காட்சிக்கு ஏற்ற பெரிய வாத்தியக் குழுவின் இடையிசை உண்டு. அத்தனையையும் பத்து விரலுக்குள் அடக்க முடியாது. எதை வைத்து எதை விடுவது என்பதில்தான் அறிவு தெரிகிறது. தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. நெடில் எழுத்தில் பாடகர் குரலை நீட்டி, வளர்த்து, குறைக்க முடியும். பியானோவில் அழுத்திய சுரம் அந்தக் கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. ஆகவே நெடில் வரும் இடங்களிலெல்லாம் தேயும் சுரத்துக்கு அடியில் வேறொன்று நகர்ந்து அதைத் தாங்க வேண்டும். நல்ல பியானோ வடிவங்களில் இடக்கை மிக அழகாகப் பேசுவது பெரும்பாலும் அங்கேதான்.

இதனால்தான் உரை என்று சொன்னேன். திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பது மரபு. குறள் ஒன்றே; உரை பத்து. பரிமேலழகரை வள்ளுவரின் நகல் என்று யாரும் சொல்வதில்லை; எங்கே பிரித்தார், எதை வலியுறுத்தினார், எந்த இடத்தில் மற்ற உரைகாரர்களோடு மாறுபட்டார் என்று பார்க்கிறோம். உரை நன்றாக இருந்தால் மூலம் தெளிகிறது. மூலத்தை மீறி உரை தன்னைக் காட்டிக்கொண்டால் அதையும் கண்டுபிடிக்கிறோம். பியானோ வடிவத்தையும் இந்த அளவுகோலால் மதிப்பிடலாம். மேற்கத்திய இசையிலும் இது மதிப்புள்ள வேலைதான். லிஸ்ட் என்ற மாபெரும் பியானோ கலைஞர் ஷூபர்ட்டின் பாடல்கள் பலவற்றைப் பாடகர் இல்லாத பியானோ வடிவமாக்கினார்; பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் பியானோவுக்கு மாற்றி எழுதினார். மக்கள் தேவாலயத்தில் பாடிவந்த பழைய மெட்டுகளுக்கு அடியில் பாக் எழுதிய நான்கு குரல் ஹார்மனி, இன்றும் உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் பாடம். தெரிந்த பாட்டை எடுத்து அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதை அந்த மரபு இரண்டாம் தரமாகக் கருதவில்லை. மலேசியத் தமிழர்களுக்கும் இது அயலானதல்ல. 'நிழல்கள்' படத்தில் 1980இல் வந்த 'மடை திறந்து' பாட்டை எடுத்து, யோகி பி–நட்சத்ரா குழுவினர் 2006இல் ராப் வடிவத்தில் தந்தார்கள். தமிழ்நாடும் அதைக் கேட்டுக் கொண்டாடியது. மூலப் பாட்டை மறுபடி வாசித்துப் புதிய பொருள் காணும் துணிவு இந்த நாட்டில் ஏற்கனவே இருக்கிறது.

எல்லாப் பியானோ வடிவமும் நல்ல உரை ஆகிவிடாது. வலக்கையில் மெட்டையே எட்டுச் சுர இடைவெளியில் இரட்டித்து ஓங்கி அடித்து, இடக்கையில் ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரே கூட்டைத் தட்டிக்கொண்டிருப்பவர் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வகையினர் இதற்கு நேர்மாறு. கிடைத்த இடத்திலெல்லாம் விரலோட்டம், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஜாஸ் கூட்டு, முடிவில் மூலப் பாட்டின் அமைதி எங்கே போயிற்று என்றே தெரியாது. 'மின்சார கனவு' படத்தில் ரஹ்மான் இசையமைத்த 'அன்பென்ற மழையிலே' தேவாலயப் பாடகர் குழுவின் பாணியில் அமைந்தது. அதன் ஹார்மனி எளிமையானது, அந்த எளிமையே அதன் பக்தி. அதில் சிக்கலான கூட்டுகளைத் திணித்தால் திறமை தெரியும், பாட்டு காணாமல் போகும். கேட்பவர் கற்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். முதல் முறை மெட்டை விட்டுவிட்டு, மிகக் கீழே ஒலிக்கும் சுரத்தை மட்டும் பின்தொடரலாம். அது படிப்படியாக இறங்குகிறதா, தாவுகிறதா, மெட்டு ஏறும்போது எதிர்த் திசையில் போகிறதா என்று பார்க்கலாம். அடுத்த முறை நடுவில் நகரும் சுரங்களைக் கேட்கலாம். மூன்றாவது முறை பல்லவி திரும்பி வரும்போது அடியில் இருந்தது மாறியிருக்கிறதா என்று கவனிக்கலாம். இரண்டாம் சரணத்துக்கும் முதல் சரணத்துக்கும் வேறுபாடு இல்லையென்றால், வாசித்தவர் பாட்டின் கதையை யோசிக்கவில்லை என்றே பொருள்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது கமகம் பற்றியது. நம் இசையின் உயிர் சுரங்களுக்கு நடுவே உள்ள அசைவில் இருக்கிறது, பன்னிரண்டு கட்டைகளாக உறைந்துவிட்ட பியானோவால் அதைத் தர முடியாது என்பார்கள். இது உண்மை, பூசி மெழுக வேண்டியதில்லை. இதே காரணத்துக்காக அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. தாகூருக்கும் அந்த வாத்தியம் பிடிக்காது. ஆனாலும் அந்தத் தடைக்காலம் முழுவதும் தமிழ் நாடக மேடையும் சினிமாவும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை; நாம் உயிராகப் போற்றும் மெட்டுகள் எத்தனையோ அந்தக் கட்டைகளில்தான் பிறந்தன. ரீதிகௌளையில் அமைந்து பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டைப் பியானோவில் வாசித்தால் ராகத்தின் கோடுதான் கிடைக்கும், அதன் குழைவு கிடைக்காது. அதை ஒப்புக்கொண்டுதான் வாசிக்க வேண்டும், கேட்க வேண்டும். அதற்காகப் பியானோவே கூடாது என்று முடிவுகட்டினால், திரைப்பாட்டில் கமகத்தோடு கூடவே எழுதப்பட்டிருக்கும் ஹார்மனியைக் கேட்கும் வாய்ப்பையும் இழக்கிறோம். சென்னையில் பியானோ கலைஞர் அனில் சீனிவாசனும் பாடகர் சிக்கில் குருசரணும் சேர்ந்து நடத்திவரும் கச்சேரிகள் வேறொரு வழியைக் காட்டின. கமகம் குரலிடம் இருக்கட்டும், ஹார்மனி பியானோவிடம் இருக்கட்டும் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு வாத்தியத்தால் முடியாததைத் தெரிந்துகொள்வதும் ரசனைதான்.

வரிகளும் குரலும் இல்லாவிட்டால் அது தமிழ்ப் பாட்டே இல்லை என்பது அடுத்த மறுப்பு. கண்ணதாசனும் வாலியும் வைரமுத்துவும் இல்லாமல், எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் ஜானகியும் இல்லாமல் என்ன மிச்சம் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பியானோ வடிவம் வரிகளை அழிப்பதில்லை. அது முழுக்க முழுக்கக் கேட்பவரின் நினைவை நம்பியே வாசிக்கப்படுகிறது. பாட்டை அறிந்தவர் மனதில் வரிகள் தாமே ஓடும். நல்ல வாசிப்பாளர் சொல் முடியும் இடத்தில் மூச்சு விடுகிறார், குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் ஒலிக்கச் செய்கிறார். தமிழ் அறியாதவர் வாசித்தாரா, அறிந்தவர் வாசித்தாரா என்பது பல சமயம் இந்த இடங்களில் தெரிந்துவிடும். ஆகவே பியானோ வடிவத்தைக் கூர்ந்து கேட்பது மொழியைக் கூர்ந்து கேட்பதாகவும் ஆகிறது. வரிகளும் குரலும் நம் கவனத்தை முழுதாக எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை காலமும் அவற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கேளாமல் இருந்தோம். அவற்றைச் சிறிது நேரம் விலக்கிவைத்துக் கேட்டுவிட்டு மறுபடி மூலப் பாட்டுக்குத் திரும்பினால், பாடகர் ஒரு சொல்லில் ஏன் அப்படி நின்றார் என்பதற்கான காரணம் அடியில் இருக்கும் சுரக்கூட்டில் தெரியவரும். குரலின் மதிப்பு கூடுமே தவிர, குறையாது.

பியானோ ஆசிரியர்கள் சிலரும் பெற்றோரும் சொல்லும் மறுப்பு வேறு வகை. திரைப்பாட்டு கையைக் கெடுக்கும், தேர்வுப் பாடத்தை முதலில் முடிக்கட்டும் என்பார்கள். தேர்வு முக்கியம்தான், ஒழுங்கான விரல் பயிற்சிக்கு மாற்று இல்லை. ஆனால் ஐந்தாம் நிலைக் கோட்பாட்டைத் தாளில் எழுதித் தேறிய பிள்ளை, தனக்குத் தெரிந்த பாட்டுக்கு அடியில் எந்தக் கூட்டு பொருந்தும் என்று காதால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், படித்தது இன்னும் கைக்கு வரவில்லை என்றே பொருள். தெரிந்த மெட்டுக்குத் தானே இடக்கை எழுதிப் பார்ப்பதுதான் அந்தப் பாடத்துக்கு நேரான பயிற்சி. 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் வென்ற சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரத்தை உலகம் அவன் விரல் வேகத்துக்காகக் கொண்டாடியது. அவன் பிறகு இளையராஜாவிடம் மாணவனாகச் சேர்ந்து பயின்றதையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். வேகத்துக்கு அப்பால் கற்க வேண்டியது உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. பியானோ வாங்க வசதி இல்லாத குடும்பங்களுக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வரும். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் சமூகத்தில் அது கசப்பான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாதது. கேட்பதற்குக் காசு வேண்டாம் என்பது அதற்குப் பாதிப் பதில்தான். மீதிப் பாதியைப் பள்ளியும் சங்கங்களும் தர வேண்டும்.

தர முடியும் என்றே நம்புகிறேன். நம் ஆரம்பப் பள்ளிகளின் இசைக் கல்வியில் ரெக்கார்டர் குழல் ஏற்கனவே இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள பேராக்கில், ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகள் திரைப்பாட்டின் பல்லவியையும், மீதிப் பிள்ளைகள் அதற்கு அடியில் மெல்ல நகரும் இரண்டாவது வரிசையையும் வாசித்தால், ஹார்மனி என்றால் என்ன என்பது பத்து வயதிலேயே காதில் பதிந்துவிடும். புதுச் செலவு ஏதும் இல்லை. கோயில்களும் இளைஞர் மணிமன்றங்களும் நடத்தும் பாட்டுப் போட்டிகளில் கீபோர்டு, பியானோ பிரிவு ஒன்றைச் சேர்த்து, மெட்டைச் சரியாக வாசித்ததற்குப் பாதி மதிப்பெண்ணும், இசைக்கோர்ப்புக்குப் பாதி மதிப்பெண்ணும் தரலாம். வாசித்தவர் தம் முடிவுகளை இரண்டு நிமிடம் தமிழில் விளக்கவும் சொல்லலாம். ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு பாட்டையாவது மாணவரே கோத்து வரும்படி கேட்கலாம். மேடையில் வாசிக்கும் ஒவ்வொருவரும் படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர், பியானோவுக்கு மாற்றியவர் என்று ஐந்தையும் சொல்லித் தொடங்குவதை வழக்கமாக்கலாம். நாளிதழ்களும் இசை நிகழ்ச்சிக்கு யார் தலைமை தாங்கினார், யார் மாலை போட்டார் என்று எழுதுவதோடு நிற்காமல், வாசிப்பு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். இளையராஜாவும் ரஹ்மானும் மெட்டுக்கு அடியில் எழுதியதைப் படிக்கும் எழுத்தறிவு மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை நம் பாட்டின் மீது பயன்படுத்தும்படி கேட்க வேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும் ரசிகர்களுமான நாம்தான்.